‘பழைய ராஜா’ என்னும் அளவுகோல்: திருத்தணி எல்லையிலிருந்து ஒரு ரசனை ஆய்வு

இளையராஜாவைப் பிடிக்காதவர்கள் அவருடைய புதிய பாடல்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ‘பழைய ராஜா மாதிரி வரலியே’ என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் அவருடைய தீவிர ரசிகர்கள்தாம். 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது பதின்பருவத்தில் இருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். புதிய படத்தின் பாடல்கள் வெளியான அன்றே கேட்டுவிடுகிறார்கள். இரண்டு நாளில் விட்டுவிடுகிறார்கள். மறுபடி 1980களுக்குப் போய்விடுகிறார்கள். இந்தத் தளர்ச்சியை இசையமைப்பாளரின் வீழ்ச்சியாக மட்டும் படிப்பது வழக்கம். அந்தப் படிப்பு போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதைச் சோதிக்கத் திருத்தணியைத் தேர்ந்திருக்கிறேன். அதற்கான காரணம் போகப்போகத் தெரியும்.

இது தமிழருக்கு மட்டும் வந்த நோய் இல்லை. நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் 1965ஆம் ஆண்டு பாப் டிலன் மின்கிதாரைக் கையில் எடுத்தபோது பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டார்கள். மெட்டாலிக்கா குழு 2003இல் ‘செயிண்ட் ஆங்கர்’ தொகுப்பை வெளியிட்டபோது கிதார் தனி வாசிப்பு எங்கே என்றும், தாளக்கருவி தகரம்போல ஒலிக்கிறதே என்றும் அதன் நெடுநாள் அபிமானிகள் கொதித்தார்கள். மூத்த ராக் குழுக்களின் மேடைகளில் ‘அடுத்து ஒரு புதுப் பாட்டு’ என்று அறிவித்ததும் கூட்டம் எழுந்து வெளியே நகரும் என்பது அங்கே நெடுநாளைய கேலி. நம் ஊர் மெல்லிசைக் கச்சேரிகளில் அந்த அறிவிப்பே வருவதில்லை. சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பப்படும் நேயர் விருப்பங்களில் புதுப் பாட்டுக்கு இடமில்லை.

இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் வாலிபம். ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்கு மிகப் பிடித்த பாடல்கள் அவருடைய இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதையொட்டிப் புகழ்பெற்றிருந்தவையாக அமைகின்றன என்று கண்டார்கள். இந்த முடிவு நம்மவர்களுக்கும் ஓரளவு பொருந்தும். ஆனால் இதை முழு விளக்கமாக ஏற்க முடியாது. ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ 2024இல் வந்தபோது, 1991இல் வெளியான ‘குணா’ படத்தின் பாடலுக்குத் திரையரங்கில் எழுந்து நின்று ஆர்ப்பரித்தவர்களில் பலர் ‘குணா’ வந்தபோது பிறக்கவே இல்லை. தாம் வாழாத காலத்தை எண்ணி ஒருவர் எப்படி ஏங்க முடியும்? வாலிபக் கோட்பாட்டிடம் இதற்கு விடை கிடையாது.

இங்கேதான் திருத்தணி உதவிக்கு வருகிறது. இது கோயில் ஊர், எல்லை ஊர். ம.பொ.சி. தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாக, எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறினாலும் காது மாறவில்லை. ரேணிகுண்டா போகும் ரயில் பாதையில் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரத்து நகரி, புத்தூர். கடைத்தெருவில் ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் புழங்கும். ஆடிக் கிருத்திகைக்கு இரு மாநிலத்துக் காவடிகளும் சரவணப் பொய்கையில் வந்து சேர்கின்றன. ஆகவே இரண்டு கேள்விகளை இங்கே நிறுத்திப் பார்க்கலாம். கோயிலில் பழைய பாட்டு எப்படி உயிரோடு இருக்கிறது? ஒரே இசையமைப்பாளரின் பொற்காலம் எல்லையின் இருபுறமும் ஒரே ஆண்டில்தான் முடிகிறதா?

முதலில் கோயில். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். திருப்புகழ்ப் பாடல்களில் பெரும்பகுதி வழக்கொழிந்து, ஏட்டுச் சுவடிகளாகச் சிதறிக் கிடந்த காலம் ஒன்று உண்டு. தணிகை முருகனிடம் ஆழ்ந்த பற்றுக்கொண்ட வ.த. சுப்பிரமணிய பிள்ளை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றைத் தேடித் தொகுத்து அச்சேற்றினார். அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை அந்தப் பணியைத் தொடர்ந்தார். ஆனால் அச்சு மட்டும் பாட்டை வாய்க்குக் கொண்டுவந்துவிடாது. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த படித்திருவிழா அதைச் செய்தது. டிசம்பர் 31 இரவும் புத்தாண்டு நாளும் பஜனைக் குழுக்கள் மலைப்படிகள் 365இலும் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகின்றன. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றுகிறார்கள். குழுவின் பின்னால் வரும் சிறுவனுக்குச் சந்தம் முதலில் காலில் ஏறும். சொல் பிறகு வரும். பொருள் பல ஆண்டு கழித்து வரலாம், வராமலும் போகலாம். அவன் அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது அவன்மேல் திரும்பத் திரும்ப விழுந்தது.

அடிவாரக் கடைகளின் ஒலிபெருக்கிகளையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாடல்களும் சூலமங்கலம் சகோதரிகளின் கந்தசஷ்டி கவசமும் அரை நூற்றாண்டாக அங்கே ஒலிக்கின்றன. டி.எம்.எஸ். 2013இல் மறைந்தார்; அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கும் அந்தக் குரல் தெரியும். புதிய பக்திப் பாடல்கள் ஆண்டுதோறும் வந்தபடிதான் இருக்கின்றன. நிற்பவை மிகக் குறைவு. இதை டி.எம்.எஸ். தலைமுறையின் ஏக்கம் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பக்திப் பாடலைக் கேட்பவர் அது எந்த ஆண்டுப் பாட்டு என்று கேட்பதில்லை. திருத்தணியில் முருகன் அருள்பெற்றுப் பாடத் தொடங்கியதாக மரபு கூறும் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை எடுத்துக்கொண்டு, ‘ஆரம்பகால தீட்சிதர்தான் அசல், பிற்கால தீட்சிதர் சுமார்’ என்று எந்தச் சபாவிலும் சண்டை நடப்பதில்லை. திரைப்பாடலோ தன் படத்தின் வெளியீட்டு ஆண்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டே பிறக்கிறது. அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் நாம் கேட்கவே தொடங்குகிறோம்.

இனி எல்லை. தமிழில் இளையராஜாவின் பொற்காலம் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி ‘தளபதி’யில் (1991) நிறைவடைகிறது என்றும், ‘ரோஜா’வோடு (1992) ஏ.ஆர். ரகுமான் காலம் பிறக்கிறது என்றும் ஒரு பாடப்புத்தகக் கணக்கு உண்டு. தெலுங்கு ரசிகரின் கணக்கு வேறு. அவருக்கு ராஜா பெரும்பாலும் ‘சாகர சங்கமம்’ (1983), ‘ருத்ரவீணா’ (1988), ‘கீதாஞ்சலி’ (1989) வழியாக வந்தவர். கிராமத்து மண்வாசனை என்று தமிழர் போற்றும் தொடக்ககால ராஜா அவருடைய நினைவின் நடுவில் இல்லை. அடுத்து வந்தவர் என்று அங்கே கைகாட்டப்படுபவர் கீரவாணி. ரகுமானுக்குப் பின் ராஜா முடிந்துவிட்டார் என்று தமிழ் ரசிகர் தீர்ப்பெழுதி ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்து, இயக்குநர் பாபுவின் ‘ஸ்ரீராமராஜ்யம்’ (2011) அவருக்கு ஆந்திர அரசின் நந்தி விருதைப் பெற்றுத்தந்தது. அதன் பாடல்களைத் தெலுங்கு வீடுகள் கொண்டாடின. தமிழ் ரசிகர்களில் எத்தனை பேர் அதை முழுதாகக் கேட்டிருப்பார்கள்? மனிதர் ஒருவர்தான், எழுதும் கையும் ஒன்றுதான். சரக்கு தீர்ந்தது என்பது மட்டுமே உண்மையானால், தீர்ந்த தேதி இரண்டு மொழியிலும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எது மாறியது? என் விடை: பாட்டு நம்மை வந்தடையும் வழி மாறியது. 1980களில் ஒரு ராஜா பாட்டைக் கேட்காமல் தப்பிப்பதுதான் கடினம். விவித் பாரதி, இலங்கை வானொலி, வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’, கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கி, தனியார் பேருந்தின் டேப்ரிக்கார்டர் என ஒரே பாட்டு ஒரு வாரத்தில் பல வாசல் வழியாக வந்தது. இவற்றோடு கேசட் பதிவுக் கடை. வெள்ளைத்தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் அதைத் தன் நோட்டில் பதிந்துகொண்டு, அறுபது நிமிட நாடாவின் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டாக நிரப்பித் தருவார். கணக்கு எப்போதும் சரியாக அமையாது. கடைசிப் பாட்டு இரண்டாம் சரணத்தின் நடுவே அறுந்துபோகும். அந்த நாடாவில் வளர்ந்தவருக்கு இன்று முழுப் பாட்டையும் கேட்கும்போது அந்த இடம் வந்ததும் காது ஒரு கணம் அறுதலை எதிர்பார்த்து நிற்கும். அத்தனை முறை கேட்டிருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். கிடைப்பது ஒரு நாடா. காசு போட்டு வாங்கியது. சுமாரான பாட்டையும் தாண்டிப் போக முடியாது, சுற்றினால் பேட்டரி தீரும். இரண்டாம் வாரத்தில் அந்தச் சுமார் பாட்டு பிடித்துப்போகும்.

திரும்பத் திரும்ப எதிர்ப்படுவதே விருப்பத்தை வளர்க்கும் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் காட்டினார். எரிச்சலூட்டுவதைத் திரும்பக் கேட்டால் எரிச்சல்தான் கூடும் என்று மறுக்கலாம், நியாயமான மறுப்பு. ராஜாவின் பாடல்களுக்கு அந்தத் திரும்பக் கேட்டலைத் தாங்கும் அடர்த்தி இருந்தது. ஐந்தாம் தடவை பேஸ் கிதார் தனியாகத் தெரியவரும், பத்தாம் தடவை இடையிசையில் வயலின்களுக்குள் நடக்கும் உரையாடல் பிடிபடும். இந்த அடர்த்தி புதிய படைப்புகளில் அடியோடு போய்விடவில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கத் தேவையான பத்தாவது தடவை இன்று யாருக்கும் வாய்ப்பதில்லை. முதல் இடையிசை முடிவதற்குள் விரல் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது.

‘நீதானே என் பொன்வசந்தம்’ (2012) இதற்கு நல்ல வழக்கு. எட்டுப் பாடல்கள், ஹங்கேரி இசைக்கலைஞர்கள், நேரு உள்விளையாட்டரங்கில் பெரும் விழா. வெளியான வாரத்திலேயே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். யுவனின் குரல் ஒட்டவில்லை என்பது ஒரு கட்சி. ராஜா திரும்பிவிட்டார் என்பது மறு கட்சி. இரண்டு கட்சிகளும் சில நாள் கேட்டலை வைத்துத் தீர்ப்பு எழுதின. எதிர்த்தட்டில் வைக்கப்பட்டவையோ முப்பதாண்டு கேட்கப்பட்ட பாடல்கள். இது தராசே அல்ல. அதோடு 1980களில் அவர் ஆண்டுக்கு முப்பது, நாற்பது படங்களுக்கு இசையமைத்தார் என்பதை மறந்துவிடுகிறோம். அவற்றில் கணிசமானவற்றின் பெயரைக்கூடத் தீவிர ரசிகர் சொல்லமாட்டார். காலம் சலித்து மிச்சம்வைத்த சிறந்தவற்றையே ‘பழைய ராஜா’ என்கிறோம். சலிக்கப்படாத அத்தனையையும் ‘புதிய ராஜா’ என்கிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகு ரசிகரின் காதில் உண்மை இல்லை என்று முடித்தால் அது அநியாயம். இசையும் மாறத்தான் செய்தது. ராஜா என்ற ஒற்றைப் பெயரின் பின்னால் ஒரு குழு இருந்தது. வயலினில் வி.எஸ். நரசிம்மன், கிதாரில் சதானந்தம், விசைப்பலகையில் விஜி மேனுவல், தாளத்தில் புருஷோத்தமன், புல்லாங்குழலில் அருண்மொழி. காலையில் ராஜா குறிப்புகளை எழுதிக் கொடுக்க, இவர்கள் பாடகர்களோடு ஒரே அரங்கில் உட்கார்ந்து சேர்ந்து வாசித்தார்கள். ஒருவர் மூச்சு இன்னொருவர் ஒலிவாங்கியில் கசிந்தது. பின்னாளில் தனித்தனித் தடங்களாகப் பதிவதும் கணினி நிரல் வழி ஒலியும் அந்தக் கசிவைத் துடைத்துவிட்டன. வைரமுத்துவோடான கூட்டு 1980களின் நடுவிலேயே முறிந்தது. பாலு மகேந்திரா 2014இலும் மகேந்திரன் 2019இலும் போனார்கள். மௌனத்தை இசைக்கு விட்டுக்கொடுக்கத் தெரிந்த இயக்குநர்கள் அவர்கள். மலேசியா வாசுதேவன், ஸ்வர்ணலதா, 2020இல் எஸ்.பி.பி. எனக் குரல்களும் ஒவ்வொன்றாக நின்றன. ரசிகர் ‘ராஜா மாறிவிட்டார்’ என்கிறார். அவர் இழந்தது ராஜாவை மட்டுமல்ல. தாம் ஒரு ராக் ரசிகரைப் போல ஒரு குழுவைத்தான் இத்தனை நாளும் விரும்பிவந்தோம் என்பது அவருக்கே தெரியவில்லை. தமிழ்த் திரையிசை எழுத்தில் குழுக் கலைஞர்களின் பெயர்கள் இவ்வளவு அரிதாக அச்சாவதற்கும் இந்த அறியாமைக்கும் தொடர்பு உண்டு.

புதிய ராஜா நிற்கமாட்டார் என்பதற்கு எதிர்ச்சான்றாக ‘விடுதலை’யை (2023) வைக்கலாம். அதில் ஒரு பாட்டு இளையவர், மூத்தவர் என்ற பேதமின்றிப் பரவியது. கைப்பேசியின் சிறு காணொளிகள் அதைப் பழைய ஒலிபெருக்கிபோலக் கேட்டவர் கேளாதவர் எல்லார்மேலும் கொட்டின. சுற்றோட்டம் கிடைத்த இடத்தில் புதிய ராஜாவும் நின்றார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் குழு வாசித்த ‘வேலியண்ட்’ சிம்பொனிக்கு அந்த வாய்ப்பு இல்லை. தமிழ்நாடு அதை ஒரு சாதனையாகக் கொண்டாடியது. அரசு பாராட்டு விழா எடுத்தது. ஆனால் இரண்டாம் பகுதியின் மெட்டை முணுமுணுக்கும் ஒருவரைக் கண்டுபிடிப்பது அரிது. பாராட்டுவதற்குக் கேட்டிருக்க வேண்டியதில்லை என்ற நிலை ஒரு கலைஞருக்கு வருவது, என் பார்வையில், ரசிகரின் சலிப்பைவிடக் கவலைக்குரியது.

ரசனை வரலாற்றை விருதுப் பட்டியலையும் வசூல் கணக்கையும் கொண்டு மட்டும் எழுத முடியாது. எந்தப் பாட்டை எந்த ஊரில், எந்த மொழியில், யார் எத்தனை முறை பதிந்து வாங்கினார்கள் என்பதற்கு மிஞ்சியிருக்கும் நேரடிச் சான்று கேசட் கடைக்காரர்களின் அந்த நோட்டுகள்தாம். திருத்தணி, அரக்கோணம், நகரி, புத்தூர் போன்ற ஊர்களில் அந்தக் கடைகள் கைப்பேசிக் கடைகளாக மாறிவிட்டன. நோட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நம் பல்கலைக்கழக இசைத் துறைகளும் நூலகங்களும் அவற்றைத் தேடி வாங்கிப் பாதுகாக்க வேண்டும். கடை நடத்தியவர்கள் பலர் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் நினைவுகளைப் பதிவுசெய்வதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.