ஆமைக்கு ஒரு கூடு

குட்டி ரோபோக்கள் உலாவும் கட்டடங்கள் என்றால் எல்லாரும் நேற்று வந்த சங்கதி என்றே நினைக்கிறார்கள். என் கணக்கில் கதை 1940களின் கடைசியில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தொடங்குது. மூளை ஆய்வாளர் வில்லியம் கிரே வால்டர் அங்கே எல்மர், எல்சி என்று இரண்டு எந்திர ஆமைகள் செய்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு வால்வுகள், ஒரு ஒளியுணரி, ஓடு எதிலாவது இடித்தால் தெரிவிக்கும் ஒரு சுவிட்ச். நாங்க முதலாமாண்டு ப்ராஜெக்டுக்கு வாங்கின பாகங்களே இதைவிட அதிகம்.

மிதமான வெளிச்சத்தைத் தேடிப் போகும் ஆமை, கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் கண்டால் விலகும். பேட்டரி இறங்க இறங்க அந்த விலகல் குறையும். அப்போது பளிச்சென்று விளக்கெரியும் தன் கூட்டுக்குள் தானே நுழைந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ஆமைக்கு அறிவு என்று வியக்கிறோம். பாதி அறிவு அந்தக் கூட்டில்தான் இருந்தது என்பேன். விளக்கை அணைத்துவிட்டால் ஆமைக்குத் திரும்ப வழியில்லை.

இதைக் கட்டடக்கலையின் கேள்வியாக்கியவர் கார்டன் பாஸ்க். 1968இல் லண்டன் கண்காட்சி ஒன்றில் ஒளியாலும் ஒலியாலும் பேசிக்கொள்ளும் எந்திரங்களைத் தொங்கவிட்டார். பார்க்க வந்தவர்களும் டார்ச் அடித்து அந்தப் பேச்சில் கலந்துகொள்ளலாம். கட்டடமும் அதில் வாழ்பவரும் உரையாட வேண்டும் என்று மறுவருடம் கட்டுரையும் எழுதினார்.

ஆனால் அந்த உரையாடல் பெரிய அளவில் நடந்தேறிய இடம் கிடங்கு. 2003இல் தொடங்கிய கிவா நிறுவனத்தை அமேசான் 2012இல் 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. தரையில் கட்டம் கட்டமாக ஒட்டிய குறிகளைப் படித்தபடி ரோபோ அலமாரியைத் தூக்கி வரும். மனிதர் ஓரத்தில் நின்று பொருளை எடுப்பார். பாஸ்க் விருந்தாளியாக அழைத்த மனிதர் இங்கே வேலிக்கு வெளியே. எனக்கு உறுத்துவது இதுதான்.

நான் இருக்கும் மேருவிலும் தொழிற்பேட்டைகள் உண்டு. ஆனால் தரை படிப்பவர்களைப் பார்க்க நான் பிரிக்ஃபீல்ட்ஸுக்குத்தான் போவேன். பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம். நடைபாதையில் பதித்த ஓடுகளில் நீள்கோடு என்றால் நட, புள்ளிகள் என்றால் கவனி. காலும் கைத்தடியும் படிக்கும் எழுத்து அது. கிடங்கில் ஒரு குறி அழுக்கானால் ரோபோ தடுமாறும், உடனே ஆள் வந்து துடைப்பார். இங்கே அந்த ஓடுகளின் மேலேயே மோட்டார்சைக்கிளை நிறுத்திட்டுச் சாப்பிடப் போயிடுறாங்க.