கழுகுமலை: மன்னன் பெயர் இல்லை, தச்சன் பெயர் உண்டு

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். உளுந்தும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரிக் கரிசல் காட்டுக்கு நடுவே மொட்டைப் பாறையாக எழுந்து நிற்கிறது கழுகுமலை. கல்வெட்டுகளில் இதன் பழைய பெயர் அரைமலை, ஊர் நெச்சுரம். அடிவாரத்தில், பாறையைக் குடைந்த கருவறையில் கழுகாசலமூர்த்தி மேற்கு பார்த்து வீற்றிருக்கிறார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகனைத்தான்.

மலைமேல் இருப்பது வெட்டுவான் கோயில். கல் அடுக்கிக் கட்டியதல்ல இது. சரிவில் சுமார் 25 அடி ஆழத்துக்குப் பாறையை வெட்டி அகற்றி, நடுவில் விட்ட கல்லை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எல்லோராவில் ராஷ்டிரகூடர்கள் கைலாசநாதர் கோயிலை எடுத்ததும் 8-ஆம் நூற்றாண்டில், இதே முறையில்தான். இதில் உளி ஒரு முறை தவறினால் ஒட்டுப்போட வழியில்லை. விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். விரல்கள் தோலில் பதியும் நேர்த்தியைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். சிகரம் முடிந்துவிட்டது. கீழே வரவர வேலை குறைந்து, அடித்தளம் வெறும் பாறையாகவே நின்றுவிட்டது.

ஏன் நின்றது? மகனின் கைத்திறன் பொறுக்காமல் தகப்பன் சிற்பி உளியை வீசிக் கொன்றுவிட்டான் என்பது ஊர்க்கதை. சிற்ப அமைதியை வைத்து, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்துப் பணி என்கிறார்கள் ஆய்வாளர்கள். எடுத்தவர் இன்னார் என்று சொல்லும் கல்வெட்டு கோயிலில் இல்லை. அந்த இடத்தைத்தான் கதை நிரப்பியிருக்கிறது.

அதே மலையில் இன்னும் சற்று ஏறினால் சமணர் சிற்பங்கள். பாறாங்கல்லை வீச வரும் கமடனுக்குக் கீழே, பாம்புப் படம் குடைபிடிக்க அசையாமல் நிற்கிறார் பார்சுவநாதர். கொடி சுற்றிய காலோடு பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகா, வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பலவற்றின் அடியில் வட்டெழுத்தில் ஒரு குறிப்பு: ஊர், பெயர், ‘செய்வித்த திருமேனி’. கொடுத்தவர்களில் தச்சர், குயவர் உண்டு. மாணாக்கரும் ஆசிரியரும் உண்டு. குரத்தியர் எனப்பட்ட பெண் துறவி ஆசிரியர்களும் உண்டு. குமரி மாவட்டத்துச் சிதறாலான திருச்சாரணத்திலிருந்தும், உளுந்தூர்பேட்டைப் பக்கத்துத் திருநறுங்கொண்டையிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். 1,200 ஆண்டுகளுக்கு முன் பெண்கள் ஆசிரியர்களாக இருந்ததற்கு இந்தக் குரத்தியரைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பெரும் பணம் விழுங்கிய கோயில் பெயரில்லாமல் பாதியில் நிற்கிறது. சாமானியர் காசு போட்ட சின்னச் சின்ன உருவங்கள் முழுமையாக, பெயரோடு இருக்கின்றன. பாண்டிய நாட்டு வரலாற்றைப் போர்களையும் செப்பேடுகளையும் மட்டும் வைத்து எழுதினால் இவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

இரண்டு இடங்களுமே தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. வருகிறவர்களில் பலர் வெட்டுவான் கோயிலோடு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் போனால், வெயில் ஏறுமுன் சமணர் பாறை வரை போய் அந்த எழுத்துகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

(தொடரும்)