யாரை நோயாளி என்கிறோம்? பெண்களின் கடும் மனச்சோர்வும் மரபணுத் தேடலும்

மனச்சோர்வு நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு மிகுதி. மரபின் பங்கும் பெண்களிடமே கூடுதலாகத் தெரிகிறது. சுவீடனின் இரட்டையர் பதிவேட்டை ஆராய்ந்து கென்னத் கெண்ட்லர் குழுவினர் 2006-இல் வெளியிட்ட மதிப்பீடு பெண்களுக்கு 42 விழுக்காடு, ஆண்களுக்கு 29 விழுக்காடு என்றது. (இது ஒரு சமூகத்தில் காணும் வேறுபாட்டை விளக்கும் அளவு, தனியொரு பெண்ணின் நோயில் இத்தனை பங்கு மரபு என்று பொருளன்று.) ஆனால் மரபுக்குப் பங்கு உண்டென அறிவது எளிது, மரபணுத்தொகையில் எந்த இடம் என்று சுட்டுவதுதான் கடினம். 2013-இல் வெளியான பன்னாட்டுக் கூட்டாய்வு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தும், உறுதியாகச் சொல்லத்தக்க ஓர் இடத்தைக்கூடக் காணவில்லை. ஆட்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதே வழி எனப் பெரும்பாலோர் முடிவுசெய்தனர். எண்ணிக்கை தேவைதான். ஆயினும் யாரை நோயாளி என்று கணக்கில் சேர்க்கிறோம் என்பது அதற்குக் குறையாத முக்கியத்துவம் உடையது என்பதே என் வாதம்.

இதற்குச் சிறந்த சான்று சீனாவில் நடந்த 'கான்வெர்ஜ்' ஆய்வு. ஜோனதன் ஃபிளின்ட், கெண்ட்லர் ஆகியோர் சீன மருத்துவர்களுடன் சேர்ந்து நடத்திய இதன் முடிவுகள் 2015-இல் 'நேச்சர்' இதழில் வந்தன. ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் பெண்கள். எல்லாரும் ஹான் இனத்தவர். நோயாளிகள் ஒருமுறையன்றிப் பலமுறை மனச்சோர்வுக்கு ஆளாகி, மனநல மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்கள். இருமுனைக் கோளாறோ மனப்பிறழ்வோ உள்ளவர்கள் விலக்கப்பட்டனர். பயிற்சி பெற்றவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் விரிவாகக் கேட்டனர்: நோய் எந்த வயதில் தொடங்கியது, விடியலில் விழிப்பு வந்துவிடுகிறதா, காலையில் துயரம் மிகுகிறதா, பசி போயிற்றா, சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானதுண்டா. பிறகுதான் உமிழ்நீர் மாதிரிக்கு டி.என்.ஏ. ஆய்வு. 5,303 நோயாளிகளும் ஒப்பீட்டுக்கு 5,337 பெண்களும் மட்டுமே இருந்தும், பத்தாவது குரோமோசோமில் இரண்டு இடங்கள் தெளிவாகத் தென்பட்டன. ஒன்று எஸ்.ஐ.ஆர்.டி.1 மரபணுவின் அருகில், மற்றது எல்.எச்.பி.பி. மரபணுவுக்குள். வேறொரு சீன மாதிரியிலும் இரண்டும் உறுதிப்பட்டன. விடியல் விழிப்பு, காலைத் துயரம், பசியின்மை போன்ற அறிகுறிகள் கொண்ட மெலன்கோலியா வகைக் கடும் நோயாளிகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது முதல் இடத்தின் சமிக்ஞை மேலும் வலுத்தது. ஏறக்குறைய இருமடங்கு நோயாளிகளைக் கொண்ட 2013 ஆய்வு காணாததை இது கண்டதற்கு, நோயாளிகளைத் தெரிவுசெய்த கண்டிப்பே முதன்மைக் காரணம் எனக் கொள்வேன்.

இதை மறுப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இவ்விரு இடங்களும் ஐரோப்பிய மாதிரிகளில் உறுதிப்படவில்லை. மறுபுறம், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்த 2019 கூட்டாய்வு 102 இடங்களைத் தந்தது. வென்றது எண்ணிக்கைதானே என்கிறார்கள். முதல் மறுப்புக்கு விடை மரபணு வேறுபாடுகளின் பரவலிலேயே இருக்கிறது: சீனரிடம் பரவலாக உள்ள இவ்வேறுபாடுகள் ஐரோப்பியரிடம் மிகக் குறைவு, குறைவாக உள்ளதைத் தேடி உறுதிசெய்வது கடினம். இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பெருந்தொகை ஆய்வுகளில் பலரும் நோயாளியானது, மனக்கவலைக்கோ சோர்வுக்கோ மருத்துவரைப் பார்த்ததுண்டா என்பது போன்ற ஒற்றைக் கேள்விக்கு 'ஆம்' என்றதால். அத்தகைய தளர்ந்த வரையறை என்ன செய்கிறது என்பதை நா காய் குழுவினர் 2020-இல் பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் தரவிலேயே சோதித்தனர். வரையறை தளரத் தளர மரபின் பங்கு குறைந்தது. கிடைத்த இடங்களும் மனச்சோர்வுக்கே உரியனவாக இல்லாமல், எளிதில் கலங்கும் இயல்பு முதலிய பிறவற்றோடும் தொடர்புடையனவாக இருந்தன. அப்படியானால் 102 என்ற எண் எதன் எண்ணிக்கை என்று கேட்கத்தான் வேண்டும்.

பெண்களை மட்டும் ஆராய்வது பெண்ணுடலையே நோயின் இருப்பிடம் ஆக்கிவிடாதா என்பது மற்றோர் ஐயம். சமூகம் பெண்மீது ஏற்றும் சுமையை மரபணு என்ற பெயரால் மறைக்கும் ஆபத்து உண்மையிலேயே உண்டு. ஆனால் கான்வெர்ஜ் தரவு இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. வாழ்வில் பெருந்துன்பம் எதற்கும் ஆளாகாத பெண்களைத் தனியே பிரித்துப் பார்த்த 2018 ஆய்வு, முழுத்தொகுதியில் தெரியாத இடங்களைக் கண்டது. துன்பத்தால் விளையும் நோயும் அஃதின்றி வரும் நோயும் ஒரே வேர் உடையனவாக இருக்க வேண்டியதில்லை என்பதையே இது காட்டுகிறது. கான்வெர்ஜ் நோயாளிகளின் மாதிரிகளில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் அளவும் கூடியிருந்தது. எலிகளை நெருக்கடிக்கு உள்ளாக்கியபோதும் இம்மாற்றம் வந்தது, பின்னர் ஓரளவு தணிந்தது. பிறப்பிலேயே வந்த மரபன்று அது, பட்ட துயரின் தடம். சிறுவயதில் நேர்ந்ததைப் பற்றிய கேள்விகள் படிவத்தில் இல்லாதிருந்தால் துன்பம் பட்டவர்களையும் படாதவர்களையும் பிரித்தறிய வழியே இருந்திருக்காது.

நேர்காணல் செலவு மிக்கது. லட்சக்கணக்கானோரிடம் அதை நடத்த இயலாது என்பது நடைமுறை உண்மை. அதற்காக அதைக் கைவிடத் தேவையில்லை. பெருந்தொகையிலிருந்து ஒரு பகுதியினரையாவது நேரில் கண்டு, விரிவாகக் கேட்டு, தளர்ந்த வரையறை எவ்வளவு பிழைக்கிறது என்பதைக் கணக்கிட முடியும். அந்தக் கணக்கைத் தராத எந்தப் பெருந்தொகை ஆய்வையும், பெண்களின் கடும் மனச்சோர்வு பற்றிய சான்றாக இதழாசிரியர்கள் ஏற்கலாகாது.