தடங்கலுக்குப் பெயர் சூட்டியவர்



சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் வாணி விழா. களஞ்சிய அறையிற் கிடந்த பழைய இசைத்தட்டுக் கருவியை எடுத்து, மண்டபத்துப் பெருக்கியில் நானே பொருத்தினேன். நாதஸ்வரம் கீச்சிட்டது. தவிலின் வலந்தலை கேட்டது. தொப்பியின் கனத்த ஒலியைக் காணவில்லை. தட்டு தேய்ந்துவிட்டதென்று தீர்ப்பளித்தேன். பௌதிக ஆசிரியர் வந்து பார்த்தார்.

"சேர், தட்டில பிழையில்லை. ஒலிவாங்கித் துளையில கொழுவியிருக்கிறியள்."

இணைப்பை வேறு துளைக்கு மாற்றினார். தொப்பி முழங்கியது.

அக்கருவியின் ஊசித்தலை பளிங்கு வகையைச் சேர்ந்தது. அதன் ஒலி குறையாதிருக்க, ஏற்கும் துளையின் தடங்கல் ஏறத்தாழ 10 இலட்சம் ஓம் இருக்க வேண்டும். நான் கொழுவிய துளைக்குச் சில ஆயிரமே. பளிங்கினுள்ளே தாழ்ந்த சுரங்களுக்குத்தான் தடங்கல் அதிகம். ஆகவே அவையே முதலில் மடிந்தன.

தடை வேறு, தடங்கல் வேறு. தடை எல்லாச் சுரத்துக்கும் ஒன்றே. தடங்கலோ சுரத்துக்குச் சுரம் மாறக்கூடியது. இதற்கு ஆங்கிலத்தில் 'இம்பீடன்ஸ்' என்று 1886இல் பெயர் சூட்டியவர் ஒலிவர் ஹெவிசைட். 1850இல் இலண்டனில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர். சிறுவயதுக் காய்ச்சலால் செவிப்புலன் குன்றியவர். 16 வயதுக்குப் பின் பள்ளிக்கூடம் காணாதவர். தந்தி இயக்குநராக இருந்து, 1874இல் வேலையை விட்டு, வீட்டறையில் தனித்திருந்து கணக்கிட்டவர்.

தொலைபேசிக் கம்பியிற் பேச்சுச் சிதையாதிருக்க, அதில் தூண்டலைக் கூட்ட வேண்டும் என்று 1887இல் அவர் கண்டார். தூண்டல் தீங்கென்று நம்பிய அஞ்சற் திணைக்களத்து உயரதிகாரி வில்லியம் பிரீஸ், அக்கட்டுரை வெளிவராமல் தடுத்தார். பின்னர் அமெரிக்காவில் மைக்கல் பியூப்பின் அதே கருத்தில் அமைந்த சுருள்களுக்கு 1900இல் காப்புரிமை பெற்றுச் செல்வரானார். ஹெவிசைட் 1925இல் வறியவராகவே மறைந்தார்.

பெருக்கியில்லாத அக்காலத் தொலைபேசியில் வலுவின் ஒவ்வொரு துளியும் அருமை. தருபவரின் தடங்கலும் பெறுபவரின் தடங்கலும் சமமானால் வலு மிகுதியாகச் சேரும். ஆனால் அப்போது மின்னழுத்தத்திற் பாதி தருபவரிடமே தங்கிவிடும். வால்வு வந்தபின் வலுவைப் பிறகு பெருக்கிக்கொள்ளலாம் என்றாயிற்று. எனவே முன்பெருக்கி செய்வோர் வேறு வழி கண்டனர்: தருபவர் 10,000 ஓம் என்றால் பெறுபவர் 1,00,000 ஓம், அப்போது பதினொன்றில் பத்துப் பங்கு அழுத்தம் வந்து சேரும். வெளியீட்டுத் தடங்கலைக் குறைப்பதற்கும் வழி பிறந்தது. 1927இல் ஹரோல்ட் பிளாக், வேலைக்குச் செல்லும் படகிலிருந்தபடி பத்திரிகைத் தாளொன்றில் எழுதிய எதிர்ப் பின்னூட்டமே அது.

நேயர்களே, என் வகுப்பின் பின்வரிசையில் மெல்லப் பேசும் மாணவன் ஒருவன் இருக்கிறான். "உரக்கச் சொல்" என்று அவனைப் பலமுறை அமர்த்தியிருக்கிறேன். பிழை அவன் குரலில் என்றே எண்ணியிருந்தேன். விழாவுக்கு மறுநாள் அவனருகே சென்று, குறுக்கிடாமல் நின்று கேட்டேன். அவனிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது.