டிஸ்னி பூங்காவில் ழூல் வெர்ன்: வந்த கதையும் போன கதையும்

பாரிசுக்குக் கிழக்கே சுமார் 32 கிலோமீட்டரில் மார்ன்-லா-வல்லே என்ற இடத்தில் டிஸ்னிலாந்து இருக்கிறது. புதுச்சேரியில் பிரான்சுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேராவது ஈபெல் கோபுரம், லூர்து மாதா கோயில், டிஸ்னி என்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். ஊருக்கு வந்ததும் படம் காட்டுவார்கள். கோட்டை முன்னால் ஒரு படம், மிக்கி எலியோடு ஒரு படம். அந்தப் பூங்காவின் ஒரு மூலையில் நடந்த மாற்றங்களைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். பிரெஞ்சு மொழியில் படித்த நம் தலைமுறைக்கு அதில் ஒரு பங்கு உண்டு.

பூங்கா திறந்த நாள் 1992 ஏப்ரல் 12. அதற்கான ஒப்பந்தம் 1987 மார்ச்சில் ழாக் சிராக் பிரதமராக இருந்தபோது கையெழுத்தானது. பிரெஞ்சு அறிவாளிகளுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நாடக இயக்குநர் அரியான் முனுஷ்கின் இதைப் பண்பாட்டுச் செர்னோபில் என்றே வர்ணித்தார். திறந்த இரண்டே மாதத்தில் விவசாயிகள் அமெரிக்காவின் வேளாண் கொள்கையைக் கண்டித்து டிராக்டர்களைக் கொண்டுவந்து வாசலை மறித்தார்கள். உள்ளே சாப்பாட்டோடு ஒயின் கிடையாது என்றது வேறு அவர்களுக்குப் பெரிய மனத்தாங்கல். 1993இல்தான் அந்த விதி தளர்ந்தது.

இப்படி எதிர்ப்பு வரும் என்பதை டிஸ்னிக்காரர்களும் எதிர்பார்த்தே இருந்தார்கள். அதனால் அமெரிக்கப் பூங்காக்களை அப்படியே பெயர்த்துவந்து நடவில்லை. தூங்கும் அழகியின் கதை பிரெஞ்சுக்காரர் பெரோ எழுதியதுதானே என்று எடுத்துச் சொன்னார்கள். எதிர்காலத்தைக் காட்டும் பகுதிக்கு அமெரிக்காவில் 'டுமாரோலேண்ட்' என்று பெயர். அதில் ஒரு சங்கடம் உண்டு. 1955இல் எதிர்காலம் என்று காட்டியது 1975இல் பழைய சாமானாகிவிடும். திரும்பத் திரும்ப இடித்துக் கட்ட வேண்டும். பாரிசில் அதற்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். நாளை எப்படி இருக்கும் என்று நாம் ஊகிப்பதை விட்டுவிட்டு, நேற்றைய மனிதர்கள் நாளையைப் பற்றிக் கண்ட கனவைக் காட்டுவோம் என்று முடிவு செய்தார்கள். கனவு பழசாகாது அல்லவா? அந்தப் பகுதிக்கு 'டிஸ்கவரிலேண்ட்' என்று பெயர் வைத்தார்கள். லியொனார்தோ தா வின்சி, எச். ஜி. வெல்ஸ் ஆகியோரின் சாயல் அங்கே இருந்தாலும், நாயகர் ழூல் வெர்ன்தான். ஆங்கிலம் படித்தவர்கள் ஜூல்ஸ் வெர்ன் என்பார்கள்.

வெர்னை இங்கே பலருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1828இல் நாந்த் நகரில் பிறந்து 1905இல் அமியேனில் இறந்தவர். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் அவரைப் படிக்காமல் யாரும் மேல் வகுப்புக்குப் போனதில்லை. வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், வகுப்பில் மட்டும் பிரெஞ்சு என்று வளர்ந்த பையன்களுக்கு மொழிப் பயம் போனது இலக்கணப் புத்தகத்தால் அல்ல, வெர்னால்தான். அடுத்து என்ன ஆகுமோ என்ற ஆவலில் புரியாத சொல்லையும் தாண்டிப் படித்துக்கொண்டே போவோம். ரொமேன் ரோலன் நூலகத்தில் அவர் புத்தகத்துக்குக் காத்திருந்த காலம் உண்டு.

நான் அந்தப் பூங்காவை முதலில் பார்த்தது 1996இல். அக்கா குடும்பம் பாரிசுப் புறநகரில் இருந்தது. அத்தான் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பத்தைந்து வயதில் ராட்டினம் சுற்ற எனக்கென்ன ஆசை என்று முனகிக்கொண்டேதான் போனேன். டிஸ்கவரிலேண்டில் நுழைந்ததும் முனகல் நின்றுவிட்டது. ஏனென்றால் அங்கே வெர்னின் பக்கங்கள் இரும்பிலும் செம்பிலும் எழுந்து நின்றன.

முதலில் 'விசியோனாரியம்'. வட்டமான அரங்கு. சுற்றிலும் ஒன்பது திரைகள். நடுவில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் படம் ஓடும். கதை இதுதான்: காலத்தைக் கடக்கும் ஓர் இயந்திர மனிதன் தன் கேமராவை 1900ஆம் ஆண்டுப் பாரிசு உலகப் பொருட்காட்சிக்கு அனுப்புகிறான். அங்கே வெர்னும் வெல்ஸும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெர்ன் அந்தக் கேமராவைப் பிடித்துக்கொள்ள, அவரும் நம் காலத்துக்கு இழுத்து வரப்படுகிறார். அதிவேக ரயிலையும் விமானத்தையும் பார்த்து வியக்கிறார். வெர்னாக நடித்தவர் மிஷேல் பிக்கோலி. வெல்ஸாக ஜெரமி அயன்ஸ். ஜெரார் தெபார்தியூ கூட ஒரு சிறு வேடத்தில் தலைகாட்டுவார். தாம் எழுதியதெல்லாம் நடந்துவிட்டதை ஒரு கிழவர் பார்த்துப் பூரிக்கும் அந்தக் காட்சியில் எனக்குக் கண் கலங்கியது உண்மை.

அடுத்து 'ஸ்பேஸ் மவுண்டன்'. அமெரிக்காவில் 1975இலேயே இந்தப் பெயரில் ஒன்று வந்துவிட்டது. ஆனால் பாரிசில் 1995 ஜூன் 1ஆம் தேதி திறந்ததற்கு 'பூமியிலிருந்து சந்திரனுக்கு' என்று வெர்னின் 1865ஆம் ஆண்டு நாவலின் பெயரையே வைத்தார்கள். நாவலில் அமெரிக்கப் பீரங்கிச் சங்கத்தார் ஃபுளோரிடாவில் கொலம்பியாட் என்ற ராட்சதப் பீரங்கியைச் செய்து, குண்டுக்குள் மூன்று பேரை வைத்துச் சந்திரனை நோக்கிச் சுடுவார்கள். பூங்காவிலும் செம்பு நிறக் கூம்பு மலையின் விலாவில் நீண்ட பீரங்கி சாய்ந்து கிடக்கும். வண்டி அதற்குள் நுழைந்து நிற்கும். பிறகு ஒரே உதை. மேலே தூக்கி இருட்டுக்குள் எறியும். உள்ளே மூன்று முறை தலைகீழ். உச்சியில், ஜார்ஜ் மெலியஸ் 1902இல் எடுத்த சினிமாவில் வருவது போல, முகம் வைத்த சந்திரன் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

1969இல் அப்போலோ 11 அதே ஃபுளோரிடாவிலிருந்து மூன்று பேரோடு கிளம்பியதும், அதன் கலத்துக்குக் கொலம்பியா என்று பெயர் இருந்ததும், திரும்பி வரும் வழியில் ஆர்ம்ஸ்ட்ராங் தொலைக்காட்சி ஒளிபரப்பில் வெர்னின் புத்தகத்தை நினைவுகூர்ந்ததும் தெரிந்தவர்களுக்கு அந்தப் பீரங்கி வெறும் விளையாட்டுச் சாமான் இல்லை.

பூங்காவுக்கும் இந்தச் சவாரி கைகொடுத்தது. 1993இல் 500 கோடி பிராங்குக்கு மேல் நட்டம் கண்டு மூடும் நிலைக்கு வந்த நிறுவனம், கடன் சீரமைப்பு, புதிய பங்குதாரர், பெயர் மாற்றம் என்று எல்லாம் பார்த்து, 1995இல்தான் முதல் லாபம் கண்டது. அந்த ஆண்டுக் கூட்டத்தை இழுத்ததில் வெர்னின் பீரங்கிக்கும் பங்கு உண்டு.

இனி போன கதை.

2004இல் விசியோனாரியத்தை மூடினார்கள். 2006இல் அதே கட்டடத்தில் 'பஸ் லைட்இயர்' வந்தது. வண்டியில் உட்கார்ந்து பொம்மைத் துப்பாக்கியால் குறி சுடும் விளையாட்டு. 2005இல் ஸ்பேஸ் மவுண்டன் 'மிஷன் 2' ஆனது. சந்திரப் பயணம் போய், அண்டவெளியின் எல்லைக்குப் பயணம் என்றார்கள். சிரித்த சந்திரன் காணாமல் போனது. 2017இல் அதுவும் மாறி 'ஸ்டார் வார்ஸ்' என்ற சினிமாவின் விண்வெளிச் சண்டையாகிவிட்டது. தண்டவாளம் அதேதான், பீரங்கியும் அதேதான். கதை மட்டும் வேறு.

ஏன் இப்படி? டிஸ்னி 2006இல் பிக்ஸார் நிறுவனத்தை வாங்கியது. பஸ் லைட்இயர் அவர்கள் பொம்மை. 2012இல் லூகாஸ்ஃபிலிமை வாங்கியது. ஸ்டார் வார்ஸ் அவர்கள் சொத்து. சவாரி முடிந்து வெளியே வரும் பிள்ளை கேட்கும் வாளும் பொம்மையும் வாசற்கடையிலேயே கிடைக்கும். வெர்ன் இறந்து நூறு ஆண்டாகிவிட்டது. அவர் கதை யாருக்கும் சொத்தில்லை. எல்லாருக்கும் பொதுவான பண்டத்தைக் கடைக்காரர் முன் வரிசையில் வைக்க மாட்டார்.

கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் என்பதால் இந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கடைக்காரரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. வெர்ன் சவாரிக்கு ஒரு முன்தேவை இருந்தது. வருகிறவர் கதையை மனத்தில் சுமந்துகொண்டு வர வேண்டும். 1992இல் பிள்ளையை அழைத்துவந்த பிரெஞ்சுத் தகப்பனுக்கு அந்தக் கதை தெரியும். வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிடுவார். அந்தப் பிள்ளை வளர்ந்து தன் பிள்ளையை அழைத்து வரும்போது சொல்ல ஆள் இல்லை. நேற்றைய கனவு பழசாகாது என்று வடிவமைப்பாளர்கள் போட்ட கணக்கு தவறியது இங்கேதான். கனவு பழசாகவில்லை. அதைச் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

2018இல் நான் மறுபடி போனபோது அக்காவின் பேரன் கூட வந்தான். பத்து வயது. ஸ்டார் வார்ஸ் பாத்திரங்களின் பெயரை வரிசையாக ஒப்பிப்பான். சவாரி முடித்து இறங்கியவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இங்க எதுக்குப் பீரங்கி வச்சிருக்காங்க?" என்று கேட்டான். ஸ்டார் வார்ஸில் பீரங்கிக்கு வேலை இல்லைதான். பையன் சரியாகவே கேட்டான். அந்த இடத்தில் அதற்குப் பதில் சொல்ல ஒரு பலகையும் என் கண்ணில் படவில்லை. நான்தான் சொன்னேன்.

சொல்லிவிட்டு அவனைப் பக்கத்துக் குளத்துக்கு அழைத்துப் போனேன். வெர்னின் மிச்சம் அங்கே இருக்கிறது. நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பல். 1994 ஜூலையில் திறந்தது. 1954இல் டிஸ்னி எடுத்த சினிமாவில் வந்த கப்பலின் அச்சு. சுழல் படியில் இறங்கிப் போனால் கப்பல் தலைவன் நெமோவின் அறை, வரைபடங்கள், நீருக்குள் இறங்கும் உடைகள், பெரிய கூடம், அதில் வாத்தியம், வட்டக் கண்ணாடிக்கு வெளியே வந்து மோதும் ராட்சதக் கணவாய். வேகமில்லை, குலுக்கலில்லை. நடந்து பார்த்துவிட்டு வரலாம். என்னைப் போன்ற முழங்கால்காரர்களுக்கு ஏற்ற இடம். வரிசையும் அன்று இல்லை.

அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு பையனிடம் ஒரு விஷயம் சொன்னேன். நெமோ யார் தெரியுமா? நம்மவன். வெர்ன் முதலில் அவனை ரஷ்யாவால் குடும்பத்தை இழந்த போலந்துக்காரனாக நினைத்திருந்தார். ரஷ்ய வாசகர்களை இழக்கப் பதிப்பாளர் எட்செலுக்கு மனமில்லை. அதனால் முதல் நாவலில் நெமோ எந்த நாட்டவன் என்றே சொல்லாமல் விட்டார். 1874-75இல் வந்த 'மர்மத் தீவு' நாவலில் உண்மை வெளிப்படுகிறது: அவன் புந்தேல்கண்டு அரசகுமாரன் தக்கார். திப்பு சுல்தானுக்கு மருமகன் முறை என்றும் வெர்ன் எழுதுகிறார். 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரோடு போரிட்டு, மனைவி மக்களை இழந்து, கடலுக்குள் போனவன்.

முதல் நாவலிலேயே ஒரு குறிப்பு உண்டு. நாட்டிலஸ் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. அங்கே முத்துக்குளிக்கும் ஏழை ஒருவனைச் சுறா தாக்குகிறது. நெமோ குத்துவாளோடு பாய்ந்து அவனைக் காப்பாற்றி, ஒரு பை முத்தும் கொடுத்துவிட்டு வருகிறான். ஏன் என்று கேட்டால், ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன் அவன், நானும் அந்த நாட்டவனே என்ற பொருளில் பதில் சொல்கிறான். வெர்ன் இந்தியாவைப் பார்த்ததில்லை. ஆனாலும் நம் கடற்கரைக்குத் தன் நாயகனை அனுப்பியிருக்கிறார். வகுப்பில் இதைப் படித்த அன்று நாங்கள் பட்ட பெருமை இருக்கிறதே! டிஸ்னி சினிமாவில் நெமோவாக வந்தவர் ஆங்கில நடிகர் ஜேம்ஸ் மேசன் என்பதுதான் வேடிக்கை.

பையன் கண்ணாடி அருகே இன்னும் ஒரு முறை போய் நின்று பார்த்தான். "அப்போ இது நம்ம கப்பலா?" என்றான். ஆமாம் என்றேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஃபுளோரிடா டிஸ்னியில் 1971இலிருந்து ஓடிய நாட்டிலஸ் சவாரியை 1994இல் நிறுத்தினார்கள். பாரிசில் நாட்டிலஸ் வந்த அதே ஆண்டு. 2001இல் தோக்கியோவில் திறந்த டிஸ்னி பூங்காவிலோ ஒரு பகுதி முழுவதுமே வெர்னுக்கு. எரிமலை, பூமியின் நடுவுக்குப் பயணம், கடலடிப் பயணம், நாட்டிலஸ் என்று அமர்க்களமாக இருக்கிறதாம். பிறந்த ஊரான நாந்தும் அவரை மறக்கவில்லை. அங்கே 2007 முதல் 12 மீட்டர் உயர இயந்திர யானை ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு நடக்கிறது. வெர்ன் 1880இல் எழுதிய 'நீராவி வீடு' நாவலில் வட இந்தியா முழுக்க நடந்த நீராவி யானையின் வாரிசு என்றே அதைச் சொல்லலாம். ஓர் இடத்தில் இறக்கிவிட்ட கதையை இன்னோர் இடத்தில் யாராவது தோளில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

கேளிக்கைப் பூங்கா மாறக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மாறாவிட்டால் அது அருங்காட்சியகம். வால்ட் டிஸ்னியே தன் பூங்கா ஒருநாளும் கட்டி முடியாது என்ற கருத்துள்ளவர்தான். ஸ்டார் வார்ஸைப் பார்த்து இன்று துள்ளும் பிள்ளைகள் ஐம்பது வருடம் கழித்து அதுவும் போய்விட்டதே என்று எங்காவது எழுதுவார்கள். எழுதட்டும்.

நம்மால் ஆவது ஒன்று உண்டு. நம் ஊரில் பிரெஞ்சு வழி படித்தவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கிறோம். அடுத்த முறை பேரப் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போகிறவர்கள், கோட்டை முன்னால் படம் எடுத்த பிறகு, குளத்தோரம் கொஞ்சம் நடந்து அந்தச் சுழல் படியில் இறங்குங்கள். உள்ளே போவதற்கு முன் மன்னார் வளைகுடாவின் கதையைச் சொல்லிவிடுங்கள். கப்பலை நாளைக்கு எடுத்தாலும் எடுப்பார்கள். கதையை எடுக்க முடியாது.