பெட்ஃபோர்டுச் சிறையும் ஒரு சாவியும்

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) தமிழிலக்கிய வாசகர்க்குப் புதிதன்று. 3,700க்கும் மேற்பட்ட பாடல்களாய், கம்பன் சாயலில் அவர் விரித்துப் பாடியது ஜான் பன்யன் என்னும் ஆங்கிலேயரின் உரைநடைக் கதையை. அதைப் பக்தி நூலாகவே வாசித்துப் பழகிய நாம், அது விளைந்த நிலத்தை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பன்யன் பெட்ஃபோர்டு வட்டாரத்தில் ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துப் பிழைத்தவர். அரசுத் திருச்சபைக்குப் புறம்பாகக் கூட்டங்கூட்டிப் போதித்ததற்காக 1660 நவம்பரில் கைதானார். இனிப் போதிப்பதில்லை என உறுதிமொழி தந்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். தரவில்லை. 1672 வரை, 12 ஆண்டுகள் சிறையில் கழிந்தன. மனைவி எலிசபெத் 1661இல் நீதிபதிகள் முன் நின்று, நான்கு சிறுபிள்ளைகள் இருப்பதையும் ஒருத்திக்குக் கண்பார்வை இல்லாததையும் சொல்லி மன்றாடினார், பயனில்லை. பன்யன் சிறையிலிருந்தே நாடாக்களுக்கு நுனித்தகடு பூட்டும் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார்.

1666இல் அச்சான அவரது தன்வரலாறு அந்நாட்களின் சோர்வை மறைக்கவில்லை. மற்றெல்லாரினும் பார்வையற்ற மகளின் நினைவே அவரை வாட்டியது. தூக்குமர ஏணியில் முகம் வெளிறி, கால் தளர்ந்து, தம் விசுவாசத்துக்கே இழுக்கு நேருமோ என்றும் அஞ்சினார். ஜெபித்தார், ஆறுதல் வரவில்லை. கடைசியில், இறைவன் ஆறுதல் தந்தாலும் தராவிட்டாலும் அவர் பக்கம் நிற்பதே தம் கடமை என்று துணிந்தார். அதன் பிறகே நெஞ்சு நிறைந்தது என்கிறார். பலம் வந்த பின் நிற்பது அல்ல, நின்ற பின் பலம் வருவது. பிரசங்க மேடைகளில் நாம் கேட்டுப் பழகிய வரிசை இதுவன்று.

அச்சிறையிலேயே எழுதத் தொடங்கியதாகப் பலரும் கருதும் அவர் கதை 1678இல் வெளிவந்தது. அதில் பயணிகள் இருவர் அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் புதன் காலை முதல் சனி இரவு வரை அடைபட்டு, அடிபட்டுக் கிடக்கின்றனர். தற்கொலைக்கும் தூண்டப்படுகின்றனர். அப்போதுதான், தன் மடியிலேயே ஒரு சாவி இருப்பது ஒருவனுக்கு நினைவு வருகிறது. அதன் பெயர் வாக்குத்தத்தம். அரசு அவரிடம் கேட்ட உறுதிமொழிக்கும், அவர் இறைவனிடம் பெற்றதாக நம்பிய வாக்குத்தத்தத்துக்கும் தமிழில் இரு சொற்கள் இருப்பது நமக்கு வசதி. ஆங்கிலத்தில் ஒன்றே போதும்.

உட்கதவுகள் எளிதில் திறக்கின்றன. கடைசி இரும்புக் கதவில் மட்டும் சாவி மிகவும் இறுகித்தான் திரும்புகிறது. கதவு கிறீச்சிட, அரக்கன் விழித்துக்கொள்கிறான்.