வீட்டுக்கு இன்ஷூரன்ஸ்: கொட்டேஷன் நியாயமானதா என்று பார்ப்பது எப்படி?

வீட்டுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லி ஏஜெண்டோ வங்கியோ ஒரு கொட்டேஷன் நீட்டினால், நம் குடும்பங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. மார்க்கத்தில் இது கூடுமா? வருஷத்துக்கு எவ்வளவு? முதல் கேள்வியை ஆலிமிடம் கேட்கிறோம், இரண்டாவதை ஏஜெண்டிடம் கேட்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கேள்வியை யாரிடமும் கேட்பதில்லை. இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு நமக்கு எதைத் தருகிறார்கள்? அது தெரியாமல் தொகை அதிகமா குறைவா என்று சொல்லவே முடியாது. மார்க்கத் தீர்ப்பும் பெரும்பகுதி அதில்தான் நிற்கிறது.

எங்கள் காவேரிப்பட்டினத்தை வைத்தே பார்ப்போம். (பெயரைக் கேட்டதும் சிலர் பூம்புகாரை நினைத்துக்கொள்கிறார்கள். இது கிருஷ்ணகிரிக்குத் தெற்கே தென்பெண்ணைக் கரையில் இருக்கிற ஊர்.) ஓசூர் தொழிற்சாலைச் சம்பளத்திலும் வளைகுடாப் பணத்திலும் ஊரைச் சுற்றிப் புதிய மனைப்பிரிவுகளில் வீடுகள் எழும்புகின்றன. ஆபத்து ஒன்றும் கற்பனையானதல்ல. ஆற்றின் மேலே கே.ஆர்.பி. அணை இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் அதன் மதகு ஷட்டர் ஒன்று உடைந்து தண்ணீர் சீறி வந்ததைக் கரையோரத்தில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, இதே மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்ததில் உயிர்கள் போயின, அக்கம்பக்கத்துக் கட்டடங்களும் இடிந்தன. குடோன் யாருடையதோ, வீடு நம்முடையது.

இப்போது மார்க்கம். கட்டும் பிரீமியத்துக்கு ஈடாக என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பதே தெரியாத மயக்கத்தை ‘கரர்’ என்கிறோம். அத்தகைய வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இதன் அடிப்படையில்தான் ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985 டிசம்பரில், வணிகக் காப்பீடு கூடாது, கூட்டுறவு முறைக் காப்பீடே அதற்கு மாற்று என்று தீர்மானித்தது. அந்த மாற்றைத்தான் ‘தகாஃபுல்’ என்கிறோம். இலங்கையில் அமானா தகாஃபுல் 1999 முதல் இயங்குகிறது. இந்தியாவில் தகாஃபுல் நிறுவனத்துக்கு உரிமம் இல்லை. ஆகவே இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1990களின் தொடக்கத்தில் இந்த விஷயத்தை ஆராய்ந்து, வகுப்புக் கலவரங்களில் முஸ்லிம்களின் உயிரும் உடைமையும் படும் பாட்டை முன்னிட்டு, தேவையின் பேரில் காப்பீட்டுக்கு இடம் கொடுத்தது. எல்லா ஆலிம்களும் இதை ஏற்கவில்லை. இழப்பீடு கிடைத்தாலும் கட்டிய பிரீமியம் அளவுக்குத்தான் நாம் பயன்படுத்தலாம், மிச்சத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்கிற முஃப்திகளும் உண்டு. உங்கள் மஹல்லா ஆலிமிடம் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கலவரத்தைக் காரணம் காட்டித்தான் அனுமதியே வந்தது. அப்படியானால் கலவரச் சேதத்துக்குப் பணம் தராத பாலிசியை எந்தக் காரணத்தைச் சொல்லி எடுப்பது? கொட்டேஷனில் முதலில் தேட வேண்டிய வரி அதுதான்.

அதைத் தேடுவது இப்போது எளிது. 2021 ஏப்ரல் 1 முதல், தீக்காப்பீடு விற்கும் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைக் கட்டாயம் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதித்திருக்கிறது. தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், வேண்டுமென்றே செய்யும் நாசம், பயங்கரவாதம் எல்லாம் அதில் அடங்கும். எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் வாசகம் ஒன்று, விலை மட்டும் வேறு. எனவே குறைந்தது மூன்று கம்பெனிகளிடம் இதே பெயரைச் சொல்லி, ஒரே தொகைக்கு விலை கேளுங்கள். வேறு பெயரில் ‘இதைவிட நல்லது’ என்று ஏஜெண்ட் ஒன்றைக் காட்டினால், இதில் இல்லாத எது அதில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆனால் அந்த ஒரே தொகை எது? தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. மனையோடு சேர்த்து 45 லட்சம் பெறும் வீட்டை 45 லட்சத்துக்கே இன்ஷூர் செய்துவிடுகிறார்கள். மனை எரியாது, வெள்ளத்திலும் போகாது. இந்தப் பாலிசியில் கட்டடத்தின் மதிப்பு என்பது, வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கி வருவது. 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 லட்சம். உங்கள் பகுதி மேஸ்திரியிடம் கேட்டால் உண்மையான செலவைச் சொல்லிவிடுவார். கட்டடத்தோடு சாமான்களையும் சேர்த்து எடுத்தால், பட்டியல் கொடுக்காமலே கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், சாமான்களுக்கு உண்டு. நம் கணக்கில் அது 4 லட்சம். ஆக மொத்தம் 24 லட்சம்.

ஒரு கணக்குக்காக இரண்டு கொட்டேஷன்களை எடுத்துக்கொள்வோம். தொகைகள் நான் வைத்துக்கொண்டவை, சந்தை விலை அல்ல. முதலாமவர் 24 லட்சத்துக்கு 1,200 ரூபாய் கேட்கிறார். ஆயிரத்துக்கு 50 காசு. இரண்டாமவர் மனையையும் சேர்த்து 45 லட்சம், சாமானுக்கு 9 லட்சம், ஆக 54 லட்சத்துக்கு 2,160 ரூபாய் கேட்கிறார். ஆயிரத்துக்கு 40 காசுதான், மலிவு என்று தோன்றும். ஆனால் வீடு முழுதாகப் போனாலும் இழப்பு 24 லட்சத்துக்குள்தான், அதற்கு மேல் கிடைக்காது. 2,160 ரூபாயை 24 லட்சத்துக்கு வகுத்தால் ஆயிரத்துக்கு 90 காசு ஆகிறது. மலிவாகத் தெரிந்ததுதான் கிட்டத்தட்ட இருமடங்கு விலை. இரண்டிலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. 2025 செப்டம்பரில் வரி நீங்கியது தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. ஒருவர் வரியோடும் இன்னொருவர் வரியில்லாமலும் சொன்னால் ஒப்பிட்டுப் பயனில்லை.

பல ஆண்டுகளுக்குச் சேர்த்து (10 ஆண்டு வரை) எடுத்தால், காப்பீட்டுத் தொகை ஆண்டுதோறும் 10 சதவீதம் கூடிக்கொண்டே போகும், அதற்குத் தனி பிரீமியம் கிடையாது.

திருட்டைப் பற்றி அவசியம் கேளுங்கள். பாலிசி இருக்கிறது, பீரோவை உடைத்துவிட்டார்கள், பணம் வரும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். பாரத் கிருஹ ரக்ஷாவில் தீ, வெள்ளம் போன்ற சம்பவம் நடந்து 7 நாட்களுக்குள் அதன் தொடர்ச்சியாக நடக்கும் திருட்டுக்கு மட்டுமே ஈடு உண்டு. சாதாரணப் பூட்டு உடைப்புக்குத் தனிக் காப்பீடு வேண்டும். உம்ராவுக்கோ, துபாயில் இருக்கும் மகனிடமோ போய் இரண்டு மாதம் வீட்டைப் பூட்டி வைப்பவர்கள், பூட்டிய வீட்டுக்கு எத்தனை நாள் வரை செல்லும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நகை சாமான் கணக்கில் வராது. அதை மதிப்புச் சொல்லித் தனியாகச் சேர்க்க வேண்டும். நகையை லாக்கரில் வைத்திருப்பவர் அதற்கும் சேர்த்துப் பிரீமியம் கட்ட வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே நிப்பட்டு போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள், தையல் மெஷின்கள் வைத்துத் தொழில் செய்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்தச் சரக்கும் மெஷினும் வீட்டுப் பாலிசியில் அடங்காது. அதற்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்று சிறுதொழிலுக்கான பாலிசி தனியாக இருக்கிறது. விண்ணப்பத்தில் தொழிலை மறைத்தால் க்ளைம் நேரத்தில் கம்பெனி கைவிரிக்கும். மறைப்பது பொய் என்பது வேறு விஷயமா, அதே விஷயமா என்று நான் சொல்லத் தேவையில்லை. ஓசூரில் வாடகைக்கு இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். கட்டடம் வீட்டுக்காரர் பொறுப்பு.

கடன் வாங்கிக் கட்டிய வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். வட்டிக் கடன் தனி வருத்தம், அதைப் பற்றி இங்கே பேசவில்லை. கடன் கொடுத்தவர் வீட்டுக்குக் காப்பீடு இருக்க வேண்டும் என்று கேட்கலாம், தான் சொல்லும் கம்பெனியிலேயே எடு என்று கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் காட்டும் தாளில் வீட்டுக் காப்பீட்டோடு ஆயுள் காப்பீடும் சேர்ந்திருக்கிறதா, பிரீமியத்தைக் கடன் தொகையோடு சேர்த்துவிட்டார்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் கடன் முடியும் வரை பிரீமியத்துக்கும் வட்டி கட்டுவீர்கள். கணக்கிலும் நஷ்டம், மார்க்கத்திலும் நஷ்டம். தனித்தனியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டுக் காப்பீட்டை மட்டும் கையிலிருந்து கட்டிவிடுங்கள்.

எடுத்த பிறகு வீட்டு அறைகளையும் சாமான்களையும் போனில் படமெடுத்து, பில்களோடு வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். க்ளைமைக் கம்பெனி மறுத்தால் முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்புச் சொல்ல முடியும். முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.